ட்ரீனாவுக்கு வசனம் கிடையாது

ட்ரீனா சால் ஒருவரை மேலிருந்து கீழ்வரை பார்த்து "ம்க்கும்" என்று ஒரு சத்தம் விடுவாள். கேப் டவுனுக்கு வெகுதூரம் வடக்கே மலைப்பக்கத்தில் இருக்கும் எங்கள் கூபிஸ் ஊரில் அந்தச் சத்தத்துக்குப் பயந்து வேலியோரமாக ஒதுங்கிப் போன ஆண்கள் உண்டு. போதகரேகூடப் பிரசங்கம் நீண்டுவிட்டால் அவள் உட்கார்ந்திருக்கும் பெஞ்சுப் பக்கம் திரும்பாமல்தான் முடிப்பார். அவளுக்கு நாற்பத்தேழு வயது. புருஷன் தாமிரச் சுரங்கத்தில் நெஞ்சு கெட்டு இறந்து வெகுகாலம் ஆயிற்று. பள்ளி விடுதியின் சமையற்கட்டு அவள் ராஜ்யம். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் ஆடுகள், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாட்டு, ஊரில் சாவு விழுந்தால் குளிப்பாட்டப் போகும் பெண்களில் ஒருத்தி.

அந்த "ம்க்கும்" சும்மா வந்ததில்லை. அவள் தாய்வழிப் பெண்கள் எல்லோருக்கும் இடுப்புக்குக் கீழே ஆண்டவன் தாராளமாகக் கொடுத்திருந்தான். அதை ஏதோ தாங்களே கண்டுபிடித்ததுபோல வாயைப் பிளந்து பார்த்தவர்களை அவள் பதினைந்து வயதிலிருந்து பார்த்து வருகிறாள். ஆற்றங்கரைத் திராட்சைத் தோட்டத்தில் பெட்டி அடுக்கப் போனபோது, அவ்வளவு பெரிய கொட்டகையிலும் மேற்பார்வையாளனுக்கு அவளை உரசாமல் நடக்க வழி கிடைக்காது. கேப் டவுனில் வேலை பார்த்த வீட்டு அம்மாள் தன் பழைய கவுனைக் கொடுப்பாள்; அது ட்ரீனாவுக்கு ஏறவில்லை என்பதை விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரிப்பாள். வசந்தத்தில் பூப் பார்க்க வருகிற சுற்றுலாக் கூட்டம் இருக்கிறதே, அது பூவைப் படம் எடுக்கும், ஆட்டைப் படம் எடுக்கும், பிறகு கொடியில் துணி போட்டுக்கொண்டிருக்கும் ட்ரீனாவின் பின்பக்கத்தைப் படம் எடுக்கும். ஒருதரம் அவள் சட்டென்று திரும்பி, "முன்னாடி ஒரு மூஞ்சியும் இருக்குய்யா, அதையும் எடுத்துக்க" என்றாள். அந்த ஆள் கேமராவைப் பைக்குள் போட்டுக்கொண்டு காருக்குள் ஏறிவிட்டான். மூஞ்சி அவனுக்கு வேண்டியிருக்கவில்லை.

இப்படிப்பட்டவளைத் தேடித்தான் ஃபேபியன் அரெண்ட்ஸ் வந்து சேர்ந்தான்.

கேப் டவுன் நாடகக்காரன். நிறத்தில் எங்கள் ஆள்தான்; அதை வாய்க்கு வாய் சொல்லிக்கொள்வான். வெயில் மண்டையைப் பிளக்கிற ஊரில் கழுத்தைச் சுற்றிக் கம்பளித் துணி போட்டுக்கொண்டு திரிகிறவனைப் பற்றி அதிகம் விவரிக்கத் தேவையில்லை. அவன் எழுதிய நாடகத்தின் பெயர் 'கப்பலேறியவள்'. அந்தக் காலத்தில் இந்த மலைப்பக்கத்துப் பெண் ஒருத்தியை ஆசை காட்டிக் கப்பலேற்றி, ஐரோப்பாவுக்குக் கொண்டுபோய், மேடையில் நிற்க வைத்து டிக்கெட் போட்டுக் காட்டுகிறார்கள். டாக்டர்கள் வந்து இடுப்பை அளக்கிறார்கள். குளிரில் அவள் செத்துப்போன பிறகும் விடாமல் மேஜையில் போட்டு ஆராய்கிறார்கள். கதை ஊருக்குப் புதிதல்ல. கூபிஸில் பாதிக் குடும்பங்களில் அப்படிப் போய்த் திரும்பாத ஒருத்தியின் பேச்சு உண்டு. அதனால்தான் அசல் மண்ணில், அசல் மக்களை வைத்து முதல் காட்சி போட வேண்டும் என்று அவன் வந்திருந்தான். அசல் என்ற சொல்லை அவன் ஒரு பேச்சுக்குள் எத்தனை தடவை சொன்னான் என்று எண்ணப் புகுந்தவர்களுக்குத் தூக்கம் வந்துவிட்டது.

ஆள் எடுப்பு விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. பெண்களை வரிசையாக நிற்க வைத்தான்.

"கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க."

"எதுக்கு?" என்றாள் ட்ரீனா.

"வடிவம் பார்க்கணும் ஆன்ட்டி. தப்பா எடுத்துக்காதீங்க."

"அன்னிக்குக் கப்பல்ல ஏத்துனவனும் இதத்தான் கேட்டிருப்பான். அவனும் தப்பா எடுத்துக்காதன்னுதான் சொல்லியிருப்பான்."

பெண்கள் சிரித்தார்கள். ஃபேபியனுக்குக் கோபம் வரவில்லை. கையைத் தட்டி, "இதுதான்! இந்த நெருப்புதான் எனக்கு வேணும்!" என்று குதித்தான். சில ஆட்களை அவமானப்படுத்தவே முடியாது. அடித்தால் அந்த அடியையும் பாராட்டு என்று எடுத்துக்கொள்வார்கள்.

ட்ரீனா ஏன் ஒப்புக்கொண்டாள்? மேடை ஏற ஆசை இருந்தது, மறைப்பானேன். அதைவிட, அந்தப் பெண்ணுக்காக யாராவது நாலு வார்த்தை உறைக்கிற மாதிரி கேட்க வேண்டும் என்று இருந்தது. நாலு வார்த்தை கேட்பதில் கூபிஸில் அவளை மிஞ்ச ஆள் இல்லை என்பது அவளுக்கே தெரியும். ஆனால் ஒத்திகை தொடங்கின பிறகு பார்த்தால், காட்சி நடத்துகிறவன் பேசுகிறான், டாக்டர் பேசுகிறான், அவளுக்காக வாதாடுகிற வக்கீல் பக்கம் பக்கமாகப் பேசுகிறான், டிக்கெட் கிழிக்கிறவன்கூட ஒரு பாட்டுப் பாடுகிறான். அவளுக்கு மட்டும் ஒரு வார்த்தை இல்லை. பெயர்கூட இல்லை, 'அவள்' என்று போட்டிருந்தது. உடம்போடு ஒட்டின தோல்நிறச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு மேடை நடுவே நிற்க வேண்டியது, அவ்வளவுதான் வேஷம்.

"இவ வாயத் தொறக்கவே மாட்டாளா சார்?"

"அவளோட மௌனம்தான் ஆன்ட்டி இந்த நாடகத்தோட குரல்."

"அவ்ளோ நல்ல சரக்கா இருந்தா அந்த மௌனத்த வக்கீலுக்கும் கொஞ்சம் குடுக்கலாமே."

டாக்டர் வேஷம் போட்ட யாப்பி ஒட்டு மீசை விழுந்துவிடும்படி சிரித்தான். யாப்பி ஊர்க் கடையின் வண்டி ஓட்டுபவன். லத்தீன் மாதிரி ஏதோ உளற வேண்டும், அளவுநாடாவைப் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு ஒத்திகையிலும் நாடாவைக் கையில் எடுக்கும் முன்னால், "மன்னிச்சுக்குங்க ஆன்ட்டி" என்று முணுமுணுப்பான். அதை விடச்சொல்லி ஃபேபியன் எத்தனையோ சொல்லிப் பார்த்தான்.

விளம்பரத் தாளும் அச்சாகி வந்தது. கறுப்பு நிழலாக ஓர் உருவம், முதுகு காட்டி நின்றது. கழுத்துக்கு மேல் படம் வெட்டப்பட்டிருந்தது. ட்ரீனா அதை விடுதிச் சமையற்கட்டில் ஒட்ட விடவில்லை. மீன் சுத்தம் பண்ணுகிற பலகையில் விரித்துக்கொண்டாள்.

காட்சிக்கு ஒரு வாரம் இருக்கும்போது, மலையடியில் குடியிருந்த லீசா என்ற வயதான பெண் இறந்துபோனாள். ட்ரீனா ஒத்திகைக்குப் போகாமல் சாவு வீட்டுக்குப் போனாள். எங்கள் ஊரில் பெண் பிணத்தின் மேல் போட்ட துணியை யாரும் விலக்குவதில்லை. குளிப்பாட்டுகிறவர்களில் மூத்தவள் டோர்கா. அவள் வாசலில் நின்று, "ஆம்பளைங்க வெளியே" என்று ஒரு குரல் கொடுப்பாள். புருஷனோ மகனோ போதகரோ, தொப்பியை எடுத்துக்கொண்டு ஆட்டுப்பட்டிப் பக்கம் போய் நிற்க வேண்டியதுதான். பிறகு பெண்கள் துணிக்குள் கையை விட்டுக் கழுவுவார்கள். கை பார்க்குமே தவிரக் கண் பார்க்காது. கழுவும்போது பேர் சொல்லிப் பேசுவார்கள்: லீசாக்கா, கையைக் கொஞ்சம் தூக்கு, இதோ ஆயிற்று, அவ்வளவுதான். கட்டின புருஷன்கூட விளக்கை அணைத்துத்தான் பார்த்திருப்பான்; செத்த பிறகு ஊர் எதற்குப் பார்க்க வேண்டும் என்பது டோர்காவின் கணக்கு.

கையில் சோப்பு வாசனை போகாமல் ட்ரீனா மதியம் ஒத்திகைக்கு வந்தாள். ஃபேபியன் தொலைபேசியை வைத்துவிட்டு ஓடி வந்தான். நெதர்லாந்திலிருந்து இரண்டு பேர் முதல் காட்சிக்கு வருகிறார்களாம், அங்கே நடக்கும் விழாவுக்கு நாடகம் பொறுக்குகிறவர்களாம். அதனால் கடைசிக் காட்சியை அவன் மாற்றியிருந்தான். செத்தவள் வெள்ளைத் துணிக்குள் மேஜையில் கிடப்பாள். டாக்டர் வந்து துணியை உருவுவான். உள்ளே அந்தத் தோல்நிறச் சட்டை இருக்காது, ஒன்றுமே இருக்காது. ஒரு விளக்கு மட்டும் அவள்மேல் எரியும்.

ட்ரீனாவுக்கு முதலில் புரியவில்லை.

"எங்க ஊர் கூடத்துல, எங்க ஜனங்க முன்னாடி, நான் அம்மணமா படுக்கணுமா?"

"அவமானப்பட வேண்டியது நீங்க இல்ல ஆன்ட்டி. பார்க்கிறவங்கதான் கூசிப்போகணும்."

"அவங்க கூசுறதுக்கு நான் ஏன்யா துணிய அவுக்கணும்?"

"இது கலை. இதுல ஒரு உண்மை இருக்கு."

"உண்மையா? அப்ப உன் துணிய அவுத்துட்டு அந்த வக்கீல் பேச்சப் பேசு. அதுலயும் உண்மை இருக்கும்."

இந்தத் தடவை அவன் கை தட்டவில்லை. கழுத்துத் துணியைச் சரிசெய்துகொண்டு, "கட்டாயமில்ல ஆன்ட்டி. ரோவீனா செய்யறேன்னு சொல்லியிருக்கா" என்றான்.

ரோவீனா ட்ரீனாவின் தங்கை மகள். தாய் இல்லாமல் ட்ரீனாவின் வீட்டில் வளர்ந்தவள். வயது பத்தொன்பது. நாடகத்தில் ஓரத்தில் நின்று வசனம் எடுத்துக்கொடுக்கும் வேலை அவளுக்கு. கப்பலோ விமானமோ, கூபிஸை விட்டுப் போனால் போதும் என்று பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்து வைத்திருந்தவள். அவளுக்கும் தாய்வழி உடம்புதான். அந்தப் படுபாவி அதைக் கவனிக்காமலா இருந்திருப்பான்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சண்டை.

"உனக்குக் கூச்சமே இல்லயாடி?"

"அது நடிப்பு ஆன்ட்டி. அங்க எல்லாரும் செய்றாங்க."

"அங்க எல்லாரும் செய்றாங்களான்னு அவன் அம்மாவக் கேட்டுட்டு வா."

"என்னைய வெளியூர் கூட்டிட்டுப் போறாங்கன்னு உங்களுக்குப் பொறாமை."

ட்ரீனா நடப்பதை நிறுத்திவிட்டாள். அடித்திருப்பாள், கை எழவில்லை. அவள் விலகினால் இந்தப் பெண் அந்த மேஜையில் படுப்பாள், அதுவும் ஆசையாகப் படுப்பாள். தன்னைப் பார்த்த கண்கள் எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. அவை எல்லாம் இனி ரோவீனாவைப் பார்க்கப்போகின்றன. மறுநாள் ஃபேபியனிடம் போய், "நானே படுக்கறேன். அந்தப் புள்ளய விடு" என்றாள். அவன் அவள் கையைப் பிடித்துக் குலுக்கி, "தியாகம்" என்றான். அவள் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை பிற்பகல் கோயில் கூடம் நிரம்பி வழிந்தது. ஊரே கோயிலுக்கு உடுத்துகிற உடுப்போடு வந்திருந்தது. முன்வரிசையில் அந்த இரண்டு விருந்தாளிகள், ஓர் ஆண், ஒரு பெண். அழுவதற்குத் தயாராகக் கைக்குட்டையை மடியில் வைத்திருந்தார்கள். நாடகம் நடந்தது. வக்கீல் பேசினான், பேசினான், பேசிக்கொண்டே இருந்தான். ட்ரீனா நின்றாள். அவள் கண்கள் மட்டும் கூட்டத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தன. அதற்கு வசனம் தேவைப்படவில்லை.

கடைசிக் காட்சிக்கு மேடை மறைவில் துணியைக் கழற்றிவிட்டு மேஜையில் ஏறிப் படுத்தாள். விடுதியில் அவள் ரொட்டி மாவு பிசைகிற அதே மேஜை. பலகை சில்லென்று இருந்தது. ரோவீனா வெள்ளைத் துணியைப் போர்த்திவிட்டாள். அவள் ட்ரீனாவின் முகத்தைப் பார்க்கவில்லை. திரை விலகியது. துணிக்குள் ட்ரீனாவுக்குத் தன் மூச்சுச் சத்தம்தான் கேட்டது. இத்தனை வருடம் இந்த ஊரில் தலை நிமிர்ந்து நடந்தவள், இனி எந்தக் கடையில் எந்த முகத்தோடு போய் நிற்பது என்று நினைத்தாள். கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

யாப்பி வந்தான். லத்தீன் மாதிரி ஏதோ உளறினான். துணியின் ஓரத்தைப் பிடித்தான்.

"ஆம்பளைங்க வெளியே!"

டோர்காவின் குரல். மூன்றாம் வரிசையில் எழுந்து நின்றிருந்தாள். இன்றைக்குக் கேட்டாலும் அவள் சத்தியம் செய்வாள், நாடகம் என்பது மறந்தே போச்சு என்று. நம்பாமல் இருக்க முடியாது. வருடக்கணக்காக வெள்ளைத் துணியையும் மேஜையையும் பார்த்தால் அவள் வாயில் வருவது அந்த இரண்டு வார்த்தைதான். அதைக் கேட்டதும் கூபிஸ் ஆண்களுக்கும் வருவது ஒன்றுதான். நாற்காலிகள் கரகரவென்று நகர்ந்தன. போதகர் முதலில் எழுந்தார். பின்னால் ஒவ்வொருவராகத் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு, வாசலைப் பார்த்து நடந்தார்கள். விளக்குப் பிடித்தவன் ஏணியிலிருந்து இறங்கிப் போனான். டாக்டர் யாப்பி பிடித்த துணியை நெருப்பைத் தொட்டவன் மாதிரி விட்டுவிட்டு, அட்டைத் தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டு, வக்கீலையும் இழுத்துக்கொண்டு வெளியே போனான். வெளிநாட்டு ஆண் என்ன ஏது என்று தெரியாமலே கூட்டத்தோடு போய்விட்டான்.

ஃபேபியன் மேடைக்கு ஓடி வந்தான்.

"உக்காருங்க! எல்லாரும் உக்காருங்க! நாடகம் இன்னும் முடியல!"

டோர்கா அவனை மேலும் கீழும் பார்த்தாள். "ஏன் தம்பி, நீ ஆம்பளதானே?"

பெண்கள் எல்லோரும் அவனையே பார்த்தார்கள். இப்படி எல்லோரும் சேர்ந்து தன் உடம்பைப் பார்ப்பது அவனுக்கு அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவனும் போனான்.

"ரோவீனா, விளக்க அணை. கதவச் சாத்து," என்றாள் டோர்கா.

ரோவீனா வசனத் தாள்களைக் கீழே வைத்துவிட்டுப் போய்ச் செய்தாள். பெண்கள் மேடை ஏறினார்கள். யாரோ கூடத்து அடுக்களையிலிருந்து கெட்டிலில் தண்ணீரும் ஒரு வாயகன்ற பாத்திரமும் கொண்டுவந்தார்கள். வெளிநாட்டுப் பெண் திருதிருவென்று விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டோர்கா அவள் கையில் துண்டைத் திணித்து, "பொம்பளதானே, பிடி" என்றாள். அவளும் பிடித்துக்கொண்டாள்.

மேஜையில் கிடப்பது ட்ரீனா என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் தண்ணீர் வந்த பிறகு யாராலும் நிறுத்த முடியவில்லை. பாதியில் விடுகிற வேலையா அது.

"பேரென்ன இவளுக்கு?" என்றாள் டோர்கா.

"பேரு வெக்கல," என்றாள் ரோவீனா. "அவள்னுதான் போட்டிருக்கு."

"நாம ஆட்டுக்குக்கூடப் பேரு வெக்கிறோம். த்தூ." டோர்கா கையை நனைத்துத் துணிக்குள் விட்டாள். "தங்கச்சி, கையத் தூக்கு. ரொம்ப தூரம் போயிட்டியே தங்கச்சி. ஆச்சு, இதோ ஆச்சு."

ஒருத்தி பின் ஒருத்தியாக எல்லோரும் தங்கச்சி என்று சொல்ல ஆரம்பித்தார்கள். யார் வீட்டிலிருந்து எவள் போய்த் திரும்பவில்லையோ, அவளைத்தான் ஒவ்வொருத்தியும் கழுவினாள். காலடியில் இரண்டு கைகள் பாதத்தைக் கழுவின. விரல் மெலிந்த, பழக்கமில்லாத கைகள். ரோவீனாவின் கைகள் என்று ட்ரீனாவுக்குத் தெரிந்துவிட்டது. கண்ணீர் காதுக்குள் வழிந்தது. தாளாமல், "தண்ணி சூடு பத்தலக்கா" என்றாள்.

"செத்தவ பேசக் கூடாது. கம்முனு கெட," என்றாள் டோர்கா.

அத்தனை பெண்களும் சிரித்தார்கள், சிரித்துக்கொண்டே அழுதார்கள். பிறகு துணிக்குள்ளேயே அவளுக்கு உடுப்பை மாட்டி எழுப்பி உட்கார வைத்தார்கள். கதவைத் திறந்தபோது ஆண்கள் சுவரோரம் காற்றில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்கள். யாரும் கை தட்டவில்லை. சாவு வீட்டு முறைப்படி எல்லோருக்கும் காபியும் ரொட்டியும் கொடுத்தார்கள்.

மறுநாள் காலை ட்ரீனா வாசலில் தணலில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். ரோவீனா பக்கத்தில் மாவு உருட்டினாள். ஃபேபியன் வந்தான். திட்ட வருகிறான் என்று பார்த்தால், முகமெல்லாம் பல்.

"ஆன்ட்டி, விருந்தாளிங்க சொக்கிப் போயிட்டாங்க. அந்தம்மா இன்னும் அழுதுக்கிட்டிருக்காங்க. ஆம்பளைங்கள வெளிய அனுப்புறது, கழுவுறது, எல்லாத்தையும் நாடகத்துல சேத்துட்டேன். அங்க தினமும் செய்யப்போறோம். டோர்கா ஆன்ட்டி வர வேண்டாம், அந்தப் பாத்திரத்துக்கு கேப் டவுன்ல நல்ல நடிகை இருக்கா."

"ஓஹோ."

"ஒரே ஒரு மாத்தம். துணி கொஞ்சம் மெல்லிசா இருக்கணும். நனைஞ்சதும் ஒட்டிக்கிற மாதிரி. இல்லாட்டி பார்க்கிறவங்களுக்கு ஒண்ணுமே தெரியாது பாருங்க."

ட்ரீனா இடுக்கியால் ரொட்டியைப் புரட்டினாள். "ஏன்யா, ஒருத்திய அடக்கம் பண்ணி ஒரு ராத்திரிதான் ஆச்சு. அதுக்குள்ள மம்பட்டியத் தூக்கிட்டு வந்துட்டியே."

"நீங்க வராட்டி பரவாயில்ல." அவன் ரோவீனாவின் பக்கம் திரும்பினான். "நீ கேட்ட ஊரெல்லாம் இருக்கும்மா. அடுத்த மாசமே கிளம்பலாம். என்ன சொல்ற?"

ட்ரீனா வாயைத் திறக்கவில்லை. திறந்தால் பெண் வீம்புக்கு ஒப்புக்கொள்வாள் என்று பயம். பத்தொன்பது வயசுக்காரியை எந்தக் கயிற்றால் கட்டி வைப்பது? ரொட்டியின் அடி கருகுவது தெரிந்தும் அவள் கை அசையவில்லை.

ரோவீனா விரலில் ஒட்டியிருந்த மாவை நிதானமாகத் தேய்த்து எடுத்தாள்.

"அங்க வந்து நான் செத்துட்டா," என்றாள், "என்னையக் குளிப்பாட்ட யாரு சார் இருக்கா?"

அந்த வெட்கங்கெட்டவன், அந்தக் கேள்வியையும் எழுதிக்கொள்ளச் சட்டைப் பையில் கையை விட்டுப் பேனாவைத் தேடினான்.